ஆர்வெட் ஊலிக்கின் துரிதகாலம்

ஜெர்மனியின் மலையூரான எர்லன்பெர்க்கில் ஆர்வெட் ஊலிக்கைவிட மெதுவாக வண்டி ஓட்டுகிறவர் எவரும் இல்லை. நகராட்சியின் பனி தள்ளும் லாரி அவர் கையில் இருந்தது. குளிர்காலத்தில் அந்த ஆரஞ்சு நிற வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் காப்பி குடிக்கலாம், செய்தித்தாள் படிக்கலாம், கணவன் மனைவியாக இருந்தால் ஒரு சண்டையை ஆரம்பித்து முடித்துச் சமாதானமும் ஆகிவிடலாம். "முன்னால ஆர்வெட் போறான்" என்று யாராவது போனில் சொன்னால், அன்றைக்குச் சொன்னவர் வேலைக்குத் தாமதம் என்று அந்த மலைப் பக்கத்தில் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

அதே ஆர்வெட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயக் கோபுரத்தின் மேல் நின்று டூபா என்கிற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊத ஆரம்பித்தால், அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய, பரோக் என்று சொல்லப்படும் காலத்து நடன இசை, பின்னால் நாய் துரத்துகிற மாதிரி கோபுரத்திலிருந்து இறங்கி ஓடி வரும். தரையில் ஆமை, உச்சியில் முயல். இந்த முரண்பாட்டுக்கு ஊர் பல விளக்கங்கள் வைத்திருந்தது. வாரம் முழுக்க லாரியில் அடக்கி வைத்த வேகம் ஞாயிற்றுக்கிழமை வெளியே வருகிறது என்றார் பல் வைத்தியர். அது பரிசுத்த ஆவியின் உற்சாகம் என்றார் போதகரம்மா. உண்மைக் காரணம் ஒன்றே ஒன்றுதான், அது ஆர்வெட்டுக்கும் அவர் மனைவி கெர்லிண்டெக்கும் மட்டுமே தெரியும். ஆர்வெட்டுக்கு உயரம் என்றால் பயம்.

அது ஏணி, பால்கனி, பாலம், ராட்டினம், உயரமான முக்காலி எதற்கும் பாரபட்சம் காட்டாத நேர்மையான பயம். அந்த வீட்டில் பல்பு மாற்றுகிறவள் கெர்லிண்டெ. கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளுகிறவளும் அவள்தான். ஆர்வெட் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார், அதையும் கண்ணை மூடிக்கொண்டு.

இப்படிப்பட்டவர் கோபுரத்தில் ஏன் ஏறினார் என்றால், டூபா ஏறியது, ஆகவே அவரும் ஏறினார். தேவாலயத்துப் பித்தளைக் குழுவில் ஒன்பது பேர் இருந்தார்கள், டூபா ஒன்றுதான் இருந்தது. பழைய டூபாக்காரர் மகள் வீட்டோடு போய்விட்டபோது, "யாராவது தூக்கிட்டுப் போங்கப்பா" என்று அதை, ஒத்திகைக்குச் சும்மா வந்து உட்கார்ந்திருந்த ஆர்வெட்டின் மடியில் வைத்தார்கள். அன்றுவரை அவர் சொன்ன எதையும் யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவர் பேசினால் பாதியில் இன்னொருவர் பேச ஆரம்பித்துவிடுவார், மீதிப் பாதியை ஆர்வெட்டே விழுங்கிக்கொள்வார். டூபாவில் ஒரு சுரம் ஊதியபோது மேஜைமேல் இருந்த கோப்பைகள் அதிர்ந்தன, எட்டுப் பேரும் வாயை மூடினார்கள். அந்த மௌனத்தை ஆர்வெட்டால் மறக்க முடியவில்லை. டூபா இருக்கிறவன் கோபுரத்தில் ஏறியாக வேண்டும் என்பது அப்புறம்தான் அவர் நினைவுக்கு வந்தது.

எர்லன்பெர்க் கோபுரத்தில் ஊதுவதற்கு ஒரு முறை உண்டு. உச்சியில் நான்கு பக்கமும் சுற்றி வருகிற ஒரு குறுகலான நடை இருக்கிறது, அதற்கு இடுப்பளவு இரும்புக் கம்பி. ஊரின் நான்கு பக்கமும் கேட்க வேண்டும் என்பதால் ஊதுகிறவர்கள் நான்கு பக்கமும் பிரிந்து நிற்பார்கள். ஒரு பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்த பக்கத்தில் இருப்பவர் தெரியமாட்டார். குழுத் தலைவர் கையை ஆட்டினால் புறாக்கள்தான் பார்க்கும். நான்கு சுவரையும் சுற்றி வளைந்து எல்லோர் காதிலும் விழுகிற ஒரே சத்தம் டூபாவுடையது. ஆகவே மேலே போனால் டூபா வைத்ததுதான் சட்டம். டூபா எந்த வேகத்தில் தொடங்குகிறதோ அந்த வேகத்தில் எல்லோரும் போக வேண்டும், டூபா நின்றால் நிற்க வேண்டும். இப்படியாக, ஒன்பது பேரில் அதிகம் பயந்தவரின் கையில் குழுவின் காலப்பிரமாணம் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் ஊதியது மெல்கியோர் ராபெ எழுதிய கோபுர இசை. ராபெ அந்த ஊரின் பழைய நகர ஊதுகுழல்காரர். வெளியூரில் அவரை யாருக்கும் தெரியாது, அதனால் உள்ளூரில் அவர் மேதை. அவருடைய உருவப்படம்கூட இல்லை, ஆனாலும் சதுக்கத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். ராபெயின் சராபாந்த் என்கிற பழைய அரசவை நடன இசை ஒலிக்கும்போது கீழே ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், கடைசிச் சுரம் அடங்கிய பிறகே மாட்டுவார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி ராபெ வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 'சராபாந்த்' என்று தலைப்பிட்டார், புள்ளிகளைப் போட்டார், காலமானார்.

ஒரு பரோக் நடனத்தைப் பித்தளை வாத்தியத்தில் எந்த வேகத்தில் ஊதுவது என்பது சாதாரண விஷயம் அல்ல. மெதுவாகப் போனால் மூச்சு முட்டும், டூபா குடிக்கிற காற்றுக்கு ஒரு நெஞ்சு போதாது. வேகமாகப் போனால் நாக்கு தடுக்கும், குளிரில் வால்வுகள் விறைத்து விரலோடு மல்லுக்கட்டும். நடனத்தின் குணத்தைப் பார்க்க வேண்டும், கல் சுவரின் எதிரொலியைப் பார்க்க வேண்டும், இசை வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆர்வெட் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தார். நடையிலிருந்து உள்ளே போகிற சின்னக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்தார். அது இருக்கிறது என்று தெரிந்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, டூபாவைக் கேடயமாக நெஞ்சில் அணைத்து, கண்ணை இறுக மூடி, எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடித்தார். கண்ணைத் திறந்து தாளைப் பார்க்க முடியாததால் ராபெ முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தார். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை ஊத வேண்டும் என்று ராபெ போட்டிருந்த குறிகளை, கருத்து வேறுபாடு காரணமாக விட்டுவிட்டார்.

"கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டே வாசிக்கிறாரு பாருங்க" என்று போதகரம்மா நெகிழ்ந்தார். ஜெபம் உண்மைதான்.

இதை ஏற்காத ஒரே ஆள் முதல் ட்ரம்பெட் லோதார் ஹென்ஷெல். ரொட்டிக்கடைக்காரர், அகலமான ஆள். அவர் வைத்திருந்தது விளம்பகாலக் கட்சி, மெதுவாக ஊத வேண்டும் என்கிற கட்சி.

"டேய் ஆர்வெட், அது சராபாந்த்டா, தீயணைப்பு வண்டி இல்ல" என்பார் செவ்வாய்க்கிழமை ஒத்திகையில். "கம்பீரமா, நின்னு நிதானமா போகணும். ராணி படி இறங்குற மாதிரி. நீ வாசிச்சா ராணி உருண்டுல்ல விழுறா?"

"அது... நடனம் தானே லோதார். ஆடணும்ல."

"யாரு ஆடுறது? மேல கம்பியில தொங்கிக்கிட்டா? நானும் வருஷக்கணக்கா சொல்றேன், என் மாப்பிள்ளை யென்ஸுகிட்ட டூபாவைக் குடுங்கன்னு. தீயணைப்புப் பட்டாளத்து பேண்டுல வாசிக்கிறான். நான் சொல்ற வேகத்துக்கு வருவான்."

"தீயணைப்புல இருக்கறவன் மெதுவா வருவான்னா, ஊரு வெந்துபோயிடுமேய்யா" என்றார் ட்ராம்போன்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்வெட்டும் சிரித்தார். ஆனால் டூபாவை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

இப்படியே போயிருந்தால் ஒரு கோழை சுகமாக ஓய்வு பெற்றிருப்பார். விதி லைப்சிக்கிலிருந்து ரயில் ஏறி வந்தது. அதன் பெயர் டாக்டர் கொன்ராடின் ஃபைட், பழைய இசையில் ஆராய்ச்சி. முந்தைய வருஷம் கிறிஸ்துமஸ் சந்தைக்கு மரப்பொம்மை வாங்க வந்தவர், கையில் சாசேஜ் ரொட்டியோடு கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டார். பிறகு ஒரு பத்திரிகையில் பெரிய கட்டுரை எழுதினார். நகரத்து மேடைகளில் செத்துப்போன அசல் பரோக் வேகம் மலைமேல் ஒரு கோபுரத்தில் உயிரோடு இருக்கிறது, அதைக் காப்பாற்றி வருகிறவர் பனி லாரி ஓட்டுநர் ஒருவர் என்று அதில் இருந்தது. ஊர் அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியது. லோதாரால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆர்வெட் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து நடந்தார், தெருவில்.

இந்த வருஷம் டாக்டர் ஃபைட் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். ஒல்லியான, நீளமான, அங்கங்கே மடக்கி வைத்த மாதிரி ஒரு மனிதர். கெர்லிண்டெ காப்பியும் கேக்கும் வைத்தாள்.

"ஊலிக் சார், ஒரே ஒரு கேள்விதான்" என்றார் டாக்டர், முன்னால் சாய்ந்து. "அந்த வேகத்தை எப்படி முடிவு பண்றீங்க? எதை வச்சு அளக்குறீங்க?"

ஆர்வெட் கேக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். கெர்லிண்டெ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது.

"அது வந்து டாக்டர்... இங்க அடிக்குது பாருங்க..." என்று மார்பைத் தொட்டார் ஆர்வெட். "அது போற போக்குல நானும் போறேன்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நாடித்துடிப்பு! கடிகாரம் சரியா இல்லாத காலத்துல வேகத்தை நாடித்துடிப்பை வச்சுத்தான் அளந்தாங்க, சார். பழைய நூல்கள்ல இருக்கு. அதை இன்னிக்கும் ஒருத்தர் செய்றார்னா... ஊலிக் சார், வர்ற ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட மேல வர்றேன். கருவி கிருவி எதுவும் வேண்டாம். நீங்க வாசிக்கும்போது என் விரலை உங்க இடது மணிக்கட்டுல வச்சுக்கறேன். அந்தக் காலத்து மாதிரியே. துடிப்பும் தாளமும் ஒண்ணா வருதான்னு எழுதிக்கறேன்."

"மேலயா?"

"அப்புறம் இன்னொண்ணு. ராபெ போட்ட எல்லாத் திருப்பலோடயும் வாசிங்க. முழுசா."

அவர் போன பிறகு ஆர்வெட் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது ஏதோ ஆடுகிற கப்பல் மாதிரி.

"நாடியைப் பிடிச்சா தெரிஞ்சிடும் கெர்லிண்டெ."

"என்ன தெரியும்?"

"மேல போனா அது எப்படி அடிக்குதுன்னு உனக்குத் தெரியாதா? அவன் டாக்டர்."

"வாத்திய டாக்டர்தானே. கால்நடை டாக்டர்னா பயப்படலாம்."

"சிரிக்காத. இவன் எழுதுவான். பயத்துலதான் ஓடுறான்னு எழுதுவான். லோதார் அதைச் சட்டம் போட்டு கடையில மாட்டுவான். அடுத்த நாளே டூபா யென்ஸ் வீட்டுல இருக்கும்."

கெர்லிண்டெ தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள். "பேசாம நீயே சொல்லிடேன். எனக்கு உயரம்னா ஆகாதுன்னு. என்ன கொலைக்குத்தமா?"

"சொன்னா கீழ நில்லுன்னுவாங்க. கீழ டூபா இல்ல." மேஜையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கீழ நான் யாரு?" என்றார்.

கெர்லிண்டெ அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நாடியை அடக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. ஆர்வெட் அதைக் குடித்துவிட்டு, பயிற்சிக்காகச் சமையலறை முக்காலிமேல் ஏறி நின்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். துடிப்பு துரிதகாலத்தில் இருந்தது. இறங்க முடியாமல் கெர்லிண்டெயைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆர்வெட் ஜுரம் வரவேண்டும் என்று காலையிலிருந்து ஈரத் தலையோடு முற்றத்தில் நின்று பார்த்தார், வரவில்லை. பனி கொட்டினால் லாரிக்குக் கூப்பிடுவார்கள் என்று வானத்தைப் பார்த்தார். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. கடுங்குளிர், அவ்வளவுதான்.

மாலையில் சதுக்கம் நிறைந்திருந்தது. கோபுரத்தின் அடியில் கெர்லிண்டெ சூடான மசாலா ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேயர் முன்வரிசையில் நின்றார், வழுக்கைத் தலைமேல் பெரிய ரோமத் தொப்பி. லோதார் தன் மாப்பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார்.

"யென்ஸ், உதடு வெதுவெதுப்பா இருக்கட்டும்டா" என்று ஆர்வெட்டின் காதில் விழும்படி சொன்னார். "யாருக்கு எப்ப என்ன ஆகும்னு தெரியாது."

ஏறினார்கள். கல் படி, அதற்கு மேல் மணிக்கூடம், அங்கிருந்து செங்குத்தான மர ஏணி, அதன் உச்சியில் அந்தச் சின்னக் கதவு. டூபாவைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். ஆர்வெட் டூபாவிலிருந்து கழற்றிய வாய்முனையை அக்குளில் வைத்துச் சூடாக்கியபடி ஏறினார். உலோகம் குளிர்ந்திருந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இன்று அந்த வாய்முனை அக்குளில் கிடந்து தடதடவென்று அடித்துக்கொள்வதாக அவருக்குத் தோன்றியது. இருட்டில் ஏறும்போது பயம் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். கதவைத் திறந்ததும் அது முழு உடையில் வெளியே நிற்கும்.

மற்றவர்கள் அவரைத் தாண்டித் தங்கள் தங்கள் பக்கம் போனார்கள். லோதார் கிழக்குப் பக்கம். வால்வுகள் உறையாமலிருக்கச் சாராயத் துளிகள் கைமாறின, கொஞ்சம் வால்வுக்கும் போனது. ஆர்வெட் தன் இடத்தில், கதவை ஒட்டிய சுவரில் முதுகைப் பதித்தார். காற்று கோட்டுக்குள் புகுந்து யாரது என்று விசாரித்தது. கண்ணை மூடினார். இடது மணிக்கட்டை நீட்டி வைத்துக்கொண்டு, தூக்குக்குப் போகிறவன் கழுத்தை நீட்டுகிற மாதிரி காத்திருந்தார்.

டாக்டர் கடைசியாக ஏணியில் வருகிற சத்தம் கேட்டது. கதவருகே மூச்சு வாங்கினார். "அற்புதம், அற்பு..." என்றார். அதோடு நின்றது.

விரல் மணிக்கட்டில் பட்டது. ஒரு விரல் இல்லை. பத்து விரலும். பிறகு ஒரு கனம் கையிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து காலுக்கும் வழிந்து இறங்கியது. ஆர்வெட் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். டாக்டர் கொன்ராடின் ஃபைட் கதவு நிலையில் குறுக்கே உட்கார்ந்து, ஆர்வெட்டின் இடது காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முகத்தை அவர் முழங்காலில் புதைத்திருந்தார்.

"டாக்டர்?"

"கீழ... கீழ ஒண்ணுமே இல்லையே சார்" என்றது முழங்கால்.

"கம்பி இருக்கு டாக்டர்."

"அது இடுப்புவரைக்கும்தான் இருக்கு. எனக்கு இடுப்புக்கு மேலயும் இருக்கே... விடாதீங்க. யாருக்கும் சொல்லாதீங்க. விடாதீங்க."

தன்னைவிடப் பயந்த ஒருவரைப் பார்த்தால் மனிதனுக்குத் தைரியம் பிறக்கும் என்பார்கள். ஆர்வெட்டுக்கு அப்படி எதுவும் பிறக்கவில்லை. அவர் கவனித்தது வேறு. கதவு அடைபட்டுவிட்டது. இத்தனை வருஷமாக அவர் ஊதிய ஒவ்வொரு சுரமும் அந்தக் கதவை நோக்கித்தான் ஓடியது. இப்போது அதில் ஒரு பெரிய படிப்பு உட்கார்ந்திருக்கிறது. இசை முடிந்தவுடன் எட்டுப் பேரும் நாலு பக்கமிருந்தும் அந்தக் கதவுக்கு வருவார்கள். ஆர்வெட் தன் காலில் ஒரு டாக்டரைச் சுமந்துகொண்டு அந்த ஏணியில் இறங்க வேண்டும். டாக்டர் விடமாட்டார், ஏணி தாங்காது. இரண்டு பேரும் டூபாவும் அந்தக் கரிய குழிக்குள் தலைகீழாகப் போவதை ஆர்வெட் மூடிய கண்ணுக்குள் மிகத் தெளிவாகப் பார்த்தார். முதலில் டாக்டர், அவர்மேல் ஆர்வெட், எல்லோர் மேலும் டூபா.

மணி ஆறு அடித்து ஓய்ந்தது. சதுக்கத்தில் தொப்பிகள் இறங்கின. நான்கு பக்கமும் டூபாவுக்காகக் காத்திருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஆர்வெட் ஊலிக்குக்கு இசை முடியக்கூடாது என்று இருந்தது.

மூச்சை இழுத்தார். ஊதினார். மெதுவாக.

சாதாரண மெதுவாக இல்லை. லாரி மெதுவாக. முதல் சுரம் வந்தது, நின்றது, சுற்றிப் பார்த்தது, இரண்டாவது சுரம் வருகிறதா என்று யோசித்தது. வடக்குப் பக்கத்து ட்ராம்போன்கள் வழக்கம்போல் பாய்ந்து, முட்டிக்கொண்டு, அவசரமாகப் பின்வாங்கின. டூபா வைத்ததுதான் சட்டம். ஒரே மூச்சில் போகிற வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. ஆர்வெட் திருடனைப் போல மூக்கால் காற்றைத் திருடித் திருடிச் சேர்த்தார். மார்பு விம்மியது, காது அடைத்தது, உதடு யாருடையதோ போல் இருந்தது. காலில் டாக்டரின் நாடி அடிப்பது கால்சட்டை வழியாகவே தெரிந்தது. ராபெ காலத்திலிருந்து எவரும் முயன்றிராத வேகத்தில் அது அடித்தது.

முதல் பகுதி முடிந்தது. திருப்பல் குறி. ஆர்வெட் திருப்பினார். இரண்டாம் பகுதி, அதற்கும் ஒரு திருப்பல். கிழக்கிலிருந்து லோதாரின் ட்ரம்பெட் எழுந்தது. அதில் ஒரு நடுக்கம் இருந்தது, சந்தோஷ நடுக்கம். ராணி கடைசியில் படி இறங்குகிறாள். ஒவ்வொரு படியிலும் நின்று, பாவாடையைச் சரி செய்து, இறங்குகிறாள்.

முடிவு வந்தது. ஆர்வெட் முடிவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கீழே சதுக்கத்தில் இதைப் பற்றிப் பிறகு பல கதைகள் உலவின. ஒயின் கோப்பைகளில் பனி ஏடு கட்டியது என்றார்கள். மேயரின் வழுக்கையில் உறைபனி படிந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். இசை முடியாமல் தொப்பி போட முடியாது, இசை முடிகிற வழியாகத் தெரியவில்லை. "என்ன ஒரு பக்தி" என்றார் போதகரம்மா, பல் கிட்டித்தபடி. யென்ஸ் ஒரு ஓரமாக நின்று வாயைப் பிளந்து கேட்டான். இத்தனை மெதுவாகத் தன்னால் ஒருநாளும் மூச்சுப் பிடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் உதடும் ஆறிப்போயிருந்தது.

கெர்லிண்டெ மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள். இசையைப் பற்றி அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது, இந்த மனிதரைத் தெரியும். இவராவது, மேலே, சீக்கிரம் இறங்க வழியிருந்தும், இவ்வளவு நேரம் நிற்பதாவது?

"யாராச்சும் ஒயினைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மூன்றாவது சுற்றின் நடுவில், ஆர்வெட்டின் இரண்டாவது வால்வு விறைத்து நின்ற வேளையில், டாக்டரின் முதுகுக்குப் பின்னால் இருட்டிலிருந்து ஒரு தலை எழுந்தது.

"என்னய்யா கூத்து இது?" என்றது தலை.

ஆர்வெட் ஊதிக்கொண்டே புருவத்தால் கீழே காட்டினார். கெர்லிண்டெ பார்த்தாள். ஒரு நொடியில் விளங்கிக்கொண்டாள். இப்படி ஒன்றை அவள் பல வருஷமாக வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கிறாள். ஏப்ரனை அவிழ்த்து டாக்டரின் கண்ணைச் சுற்றிக் கட்டினாள்.

"விடுங்க. கையை விடுங்க டாக்டர். என்னைப் பிடிச்சுக்கங்க. அப்படியே திரும்புங்க, ம்... தொழுவத்துலேருந்து பசு பின்வாங்குற மாதிரி பின்னாலயே வாங்க. காலை நான் வைக்கிறேன். கீழ பாக்காதீங்க."

"கண்ணைக் கட்டியிருக்கீங்களேம்மா."

"அப்படியே பாக்காதீங்க."

ஏணியில் இரண்டு பேர் இறங்குகிற சத்தம் தேய்ந்தது. கதவு மறுபடியும் கதவாக நின்றது. ஆர்வெட் கடைசிச் சுரத்தைப் பிடித்து, மிச்சமிருந்த காற்றையெல்லாம் அதில் கொட்டி, முடித்தார். கீழே ஊரே ஒரே அசைவில் தொப்பி போட்டது. அது கைதட்டலைவிடப் பெரிய சத்தமாகக் கேட்டது.

மற்றவர்கள் விறைத்த உதடுகளைத் தடவியபடி அவரைத் தாண்டி இறங்கினார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார், ஒருவர் கை கொடுத்தார். லோதார் வந்து டூபாவோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார்.

"இதைத்தான்டா கேட்டேன் இத்தனை வருஷமா! இனிமே டூபா உன்னோடதுதான். யென்ஸ் போய் தீயை அணைக்கட்டும்."

ஆர்வெட் பதில் சொல்லாமல் கதவுக்குள் பாய்ந்தார். இறங்குகிற ஏணி அவரைப் பொறுத்தவரை ஏணியே அல்ல, விடுதலை. டூபாவைக் கயிற்றில் இறக்கிவிட்டு, நாலு படி இறங்கித் திரும்பிப் பார்த்தார். லோதார் அசையாமல் மேலேயே நின்றார்.

"வா லோதார்."

"நீ போ. நான் கதவைப் பூட்டிட்டு வர்றேன்."

லோதார்தான் எப்போதும் கடைசியாக இறங்குவார், பூட்டுகிற பொறுப்பு அவருடையது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கதவில் பூட்டே கிடையாது என்பது இப்போதுதான் ஆர்வெட்டுக்கு உறைத்தது. மேலே நிலையைத் தாண்டி உள்ளே ஒரு பெரிய காலணி தடவித் தடவி முதல் படியைத் தேடியது, கிடைக்காமல் திரும்பிப் போனது.

"லோதார்?"

"என்ன?"

"உனக்கு இந்த ஏணி..."

காலணி மறுபடி நீண்டு, மறுபடி திரும்பிப் போனது. பிறகு லோதாரின் குரல், அந்த அகலமான உடம்புக்குப் பொருந்தாத ஒரு சின்னக் குரல், இறங்கி வந்தது.

"மேல நிக்குறது ஒண்ணும் பண்ணாதுடா. நாளெல்லாம் நிப்பேன். முடிஞ்சா இறங்கணுமேன்னுதான்... அதான் மெதுவா போன்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாத."

எர்லன்பெர்க் பித்தளைக் குழுவில் பரோக் காலப்பிரமாணம் பற்றி வருஷக்கணக்கில் நடந்த அந்த மாபெரும் சர்ச்சை, கம்பீரமா நடனமா என்ற அந்தக் கேள்வி, ஏணியின் நாலாவது படியில் இப்படித் தீர்ந்தது. ஒரு கட்சிக்கு நிற்கப் பயம். ஒரு கட்சிக்கு இறங்கப் பயம்.

டாக்டர் ஃபைட் மறுநாள் காலை முதல் ரயிலில் போய்விட்டார். பிறகு ஒரு கட்டுரை வந்தது. உயரத்தில் மனித நாடி பக்தியினால் தணிகிறது, எனவே சென்ற வருஷத்து முடிவைத் திருத்த வேண்டியிருக்கிறது, இதை ஆசிரியர் கோபுரத்திலேயே நேரில் உணர்ந்தார் என்று அதில் இருந்தது. ஊர் அதையும் சட்டம் போட்டு, பழையதற்குப் பக்கத்திலேயே மாட்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. டூபா ஆர்வெட் வீட்டில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்வெட் மறுபடி ஏறினார். பயம் ஒரு இம்மிகூடக் குறைந்திருக்கவில்லை. சுவரில் ஒட்டினார், கண்ணை மூடினார். சராபாந்த் நாய் துரத்துகிற வேகத்தில் கிளம்பியது. கிழக்கிலிருந்து ட்ரம்பெட் ஒரு சுரத்தை லேசாக இழுத்துப் பிடித்தது, கெஞ்சுவது போல. ஆர்வெட் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் தணிந்தார், அடுத்த வாக்கியத்தில் இன்னும் கொஞ்சம், கடைசித் திருப்பலில் லாரி வேகத்துக்கே வந்து நின்றார். மேயர் முன்யோசனையாகக் காதுவரை கம்பளித் துண்டு சுற்றியிருந்தார், அதைத் தொப்பி என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லோரும் இறங்கிய பிறகு, இருட்டில், ஏணியின் மேல்பகுதியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். கீழே இருந்தவர் கையை உயர்த்தி மேலே இருந்தவரின் காலணியைப் பிடித்தார்.

"வலது காலை விடு. இன்னும் கொஞ்சம். அங்கதான் படி."

"இல்லையேடா."

"இருக்கு லோதார். கண்ணைத் திற முதல்ல."

"நீ திறந்திருக்கியா?"

கீழே இருந்தவர் காலணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"வலது காலை விடு" என்றார்.